110 கொரோலாவுக்கு ஸ்பீக்கர் மாற்றியது: காசைக் கதவுக்குள் போடுங்கள்

எங்கள் வீட்டுக் கார் 1998ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, ஊரில் எல்லோரும் சொல்கிற 110, டீசல். அப்பா 2012இல் வாங்கியது. விசுவமடுவில் இருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கும் பரந்தன் சந்திக்கும் ஓடும், வருடத்தில் இரண்டு மூன்று தரம் வவுனியாவுக்குப் போகும், இடைக்கிடை தெரிந்த ஆட்களுக்கு ஹயரும் ஓடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள், திறந்த பிறகும் விலையைக் கேட்டால் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு எட்டாது. ஆகவே இன்னும் பத்து வருடத்துக்கு எங்களுக்கு இந்த 110தான். அதற்குள் இருந்து பாட்டுக் கேட்பதென்றால் ஒழுங்காகக் கேட்போம் என்று முடிவெடுத்து, கிளிநொச்சி டிப்போச் சந்திக்குக் கிட்ட, பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு சின்னக் கடையில் வைகாசிக்கு முதல் வேலை செய்வித்தோம். நல்ல வேலை. ஏன் நல்லது என்பதையும், அதற்கு முதல் வேறொரு ஊரில் காசைக் கொடுத்துப் பட்ட பாட்டையும் எழுதுகிறேன். பழைய வாகனம் வைத்திருக்கிற ஆட்களுக்கு உதவும்.

கார் வந்தபோது முன்கதவு இரண்டிலும் கம்பனி பூட்டிய ஸ்பீக்கர்தான் இருந்தது. கடதாசிக் கூம்பு, அதன் நடுவில் இன்னொரு சின்னக் கடதாசிக் கூம்பு, பின்னால் போத்தல் மூடியை விடக் கொஞ்சம் பெரிய காந்தம். அதைக் குறை சொல்ல மாட்டேன், புதிதில் குரல் தெளிவாகவே வந்திருக்கும். ஆனால் கூம்பைச் சுற்றி இருக்கிற ஸ்பொஞ்ச் வளையம் வருடக்கணக்கான வெயிலில் உக்கிப் போகும். எங்களுடையதைக் கழற்றியபோது நான் விரலால் தொட்டேன், சுட்ட அப்பளம் மாதிரி நொறுங்கி, கறுப்பாகப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டது. அந்த வளையம் போய்விட்டால் கூம்பு நேராக முன்பின் அசையாது, சுருள் காந்தத்தில் உரசும், சவுண்டைக் கொஞ்சம் கூட்டினாலே கரகரவென்று இரையும். பாட்டுச் செற்றும் ஜப்பான் செற், ஃபுஜிட்சு டென் செய்தது. ஜப்பானில் எஃப்எம் அலைவரிசை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது, அந்தக் காலத்துச் செற்றுகள் 90உடன் நின்றுவிடும். எங்கள் நாட்டிலோ 108 வரை போகிறது. அதனால் ஏரியல் வயருக்கு இடையில் பாண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டியைப் போட்டிருந்தார்கள். அது அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும், செற்றில் தெரிகிற எண்ணும் நிலையத்தின் எண்ணும் பொருந்தாது, இரைச்சலும் கூட. பழைய ஜப்பான் வாகனத்தில் ரேடியோ ஏன் இப்படி இழுக்கிறது என்று ஏரியலை மாற்றிக்கொண்டிருக்கிறவர்கள் முதலில் இந்தப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வேலையெல்லாம் அப்பாவுக்காகத்தான். தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லாமல், பற்றரி தடைப் பொருளாக இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட ஆள் அவர். மிதிக்கிறவன் களைத்தால் கசெற்றும் சேர்ந்து இழுபடும் என்று சொல்லுவார். அவரிடம் ஒரு கூத்து ஒலிப்பதிவு இருக்கிறது, கோயில் திருவிழா இரவு ஒன்றில் யாரோ ஒற்றை மைக்கை வைத்துக் கசெற்றில் பிடித்தது. மத்தளமும் சல்லாரித் தாளமும் பாட்டும், இடையில் பிள்ளைகள் அழுகிற சத்தமும், எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மாமா அதைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். காரில் அப்பா போடுவது பெரும்பாலும் அதுதான்.

முதல் தடவை ஸ்பீக்கர் மாற்றியது ஐந்து வருடத்துக்கு முதல், வேறொரு ஊரில். ஊரும் கடையும் வேண்டாம். சோடி 6,500 ரூபா, பெட்டியில் 500 வாட்ஸ் என்று போட்டிருந்தது, அரை மணித்தியாலத்தில் பூட்டித் தந்தார்கள். பாட்டுப் போட்டுக் காட்டினார்கள், சத்தம் பெரிதாக வந்தது, நாங்களும் சந்தோசமாக வந்துவிட்டோம். பரந்தன் தாண்டி அப்பா கூத்தைப் போட்டார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பாட்டு நிக்குது, மத்தளத்தைக் காணேல்லையடா" என்றார். உண்மைதான். குரல் மெல்லிய தகரக் குரலாக வருகிறது, சல்லாரி காதைக் குத்துகிறது, மத்தளம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. சினிமாப் பாட்டுப் போட்டால் அவ்வளவு தெரியவில்லை, கூத்துக்குத்தான் இப்படி. பதிவு பழசு, அதுதான் என்று நினைத்து விட்டுவிட்டோம். அடுத்த மாரிக்கு இடது பக்கம் அடைத்துக்கொண்டது. கதவை அடித்துச் சாத்தினால் கொஞ்ச நேரம் பாடும், பிறகு நின்றுவிடும்.

இந்த முறை கிளிநொச்சிக் கடைக்குப் போனபோது அந்த அண்ணை செய்த முதல் வேலையே எனக்குப் பிடித்தது. எந்த ஸ்பீக்கர் வேண்டும், எவ்வளவு காசு வைத்திருக்கிறீர்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. "ஐயா என்ன பாட்டுக் கேக்கிறவர்?" என்று கேட்டார். அப்பா பென்னைக் கொடுத்தார். அண்ணை முன் இருக்கையில் இருந்து கூத்தை இரண்டு நிமிடம் கேட்டார், செற்றில் சத்தத்தை இடது பக்கம் மட்டும் விட்டார், பிறகு வலது பக்கம் மட்டும் விட்டார். ஒற்றைப் பக்கம் பாடும்போது மத்தளம் கேட்கிறது! இரண்டையும் சேர்த்தால் காணாமல் போகிறது. பிறகு டோர் போட்டை, அதாவது கதவின் உள்பக்க மூடியைக் கழற்றி, சுவர் மணிக்கூட்டுக்குப் போடுகிற 1.5 வோல்ட் பற்றரி ஒன்றை ஸ்பீக்கர் வயரில் தொட்டுக் காட்டினார். வலது பக்கக் கூம்பு வெளியே தள்ளியது, இடது பக்கக் கூம்பு உள்ளே இழுத்தது. ஒரு பக்கம் வயரை மாறிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது, தாழ்ந்த சத்தங்கள் ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றன. கூத்து ஒற்றை மைக்கில் பிடித்த மொனோப் பதிவு, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்தான் வரும், அதனால் அதில்தான் பாதிப்பு அதிகம். ஐந்து வருடம் நாங்கள் பதிவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். உங்கள் வாகனத்தில் புது ஸ்பீக்கர் போட்டும் பேஸ், அதாவது அந்தத் தாழ்ந்த சத்தம், வரவில்லை என்றால், வேறொன்றும் வாங்க முதல் இந்தப் பற்றரிச் சோதனையைச் செய்து பாருங்கள், ஒரு சதம் செலவில்லை. சும்மா ஒருக்கால் தொட்டு எடுத்தால் போதும், பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது.

இடது பக்கம் விட்டு விட்டுப் பாடியதற்குக் காரணம் வேறு. கதவுக்கும் காரின் பொடிக்கும் இடையில் ஒரு ரப்பர்க் குழாய் இருக்கும், வயரெல்லாம் அதற்குள்ளால் போகும். இருபத்தைந்து வருடம் கதவைத் திறந்து சாத்தியதில் வயர் அந்த மடிப்பில் உள்ளுக்குள் முறிந்து, இரண்டு நூல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை முறுக்கி ரேப் சுற்றிவிடாமல், புது வயர் இழுத்து ஈயம் வைத்து ஒட்டினார்.

கதவுக்குள் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. டோர் போட்டுக்குப் பின்னால் கம்பனி ஒட்டிய பிளாஸ்ரிக் தாள் ஒன்று இருக்கும். ஷட்டர் கண்ணாடியில் வழிகிற மழைத் தண்ணீர் கதவுக்குள்ளால் இறங்கிக் கீழே ஓட்டைகளால் வெளியேறும், அது உள்ளே வந்துவிடாமல் மறிக்கத்தான் அந்தத் தாள். முதல் கடைக்காரர் அதைப் பாதிக்குக் கிழித்து எறிந்திருக்கிறார். ஸ்பீக்கரைப் பொருத்த, மரநாரை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகையில் வளையம் வெட்டிப் போட்டிருக்கிறார், அது தண்ணீர் குடித்து, ஊறிய பாண் மாதிரி வீங்கி, ஸ்குரூவைப் பிடிக்கிற பலமே இல்லாமல் இருந்தது. கீழே தண்ணீர் போகிற ஓட்டை இரண்டும் கிரவல் ரோட்டுத் தூசியால் இறுகி அடைத்து, அதற்கு மேல் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அண்ணை ஸ்குரூ டிரைவரால் ஓட்டையைக் குத்திவிட்டதும் சிவப்புத் தண்ணீர் ஒரு கோப்பை அளவுக்கு வந்தது. இன்னும் இரண்டு மாரி போயிருந்தால் கதவு அடியால் உக்கியிருக்கும். ஸ்பீக்கர் மாற்றுகிறோம் என்று டோர் போட்டைக் கழற்றுகிற எவரும் இதைப் பார்க்க வேண்டும், பார்த்துத் துப்புரவாக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

"இந்தக் கதவு ஒரு தகரப் பேணி, தம்பி. பேணிக்குள்ள என்ன ஸ்பீக்கரைப் போட்டாலும் பேணிச் சத்தம்தான் வரும்" என்று சொல்லிவிட்டு அண்ணை ஒரு கதவுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் செலவழித்தார். விசயம் இதுதான்: ஸ்பீக்கர் கூம்பு முன்னுக்குத் தள்ளுகிற அளவு காற்றைப் பின்னால் இழுக்கவும் செய்கிறது. முன் சத்தமும் பின் சத்தமும் சந்திக்க ஓட்டை இருந்தால் பேஸ் செத்துவிடும். கதவின் உள்பக்கத் தகரத்தில் கை போகிற அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. ஆகவே முதலில் வெளித்தகரத்தின் உட்புறம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, காயவிட்டு, அலுமினியம் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் அட்டையை உருளையால் அழுத்தி ஒட்டினார். பிறகு உள்பக்க ஓட்டைகளை அதே அட்டையால் மூடினார், லொக்கும் ஷட்டர் மெசினும் திருத்தத் திரும்பக் கழற்றக்கூடிய மாதிரி. கீழே தண்ணீர் ஓட்டைகளைத் தொடவில்லை. கடைசியில் ஒரு கதவுக்கு நாலு அட்டை போனது. வேலைக்கு முதல் கதவை விரல் மடக்கித் தட்டினால் டங் என்று அதிரும், இப்போது தொப் என்று நிற்கிறது. சாத்துகிற சத்தமே மாறிவிட்டது, அம்மாவுக்கு ஸ்பீக்கரை விட அதுதான் பிடித்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: கூரை ஒழுக்குக்கு ஒட்டுகிற தார்ச் சீற்றும் பார்க்க இதே மாதிரித்தான் மினுங்கும், விலையும் குறைவு. எங்கள் ஆவணி வெயிலில் அது உருகி வடியும், கார் முழுக்கத் தார் மணக்கும். வாங்கும்போது மூக்கில் பிடித்துப் பாருங்கள்.

ஸ்பீக்கர் பயோனியரின் ஜி வரிசை, 16 சென்ரிமீற்றர் கோஆக்சியல், அதாவது உயர்ந்த சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர், ட்வீற்றர், நடுவிலேயே இருக்கும். பெட்டியில் பெரிய எழுத்தில் 300 வாட்ஸ், சின்ன எழுத்தில் 40. நீங்கள் பார்க்க வேண்டியது சின்ன எழுத்தைத்தான். செற்றிலும் இதே கதை, நாலு தரம் 50 வாட்ஸ் என்று முகப்பில் எழுதியிருக்கும், உண்மையில் சத்தம் சிதறாமல் தொடர்ந்து கொடுப்பது ஒரு ஸ்பீக்கருக்கு 14 வாட்ஸ் அளவுதான். அவ்வளவு போதும். ஆனால் அந்தக் கொஞ்சப் பவரில் சத்தமாகப் பாடுகிற ஸ்பீக்கரை எடுக்க வேண்டும், அதற்கு சென்சிற்றிவிற்றி என்று டெசிபெல்லில் போட்டிருக்கிற எண்ணைப் பார்க்க வேண்டும். 3 டெசிபெல் கூட என்றால் இரண்டு மடங்கு பவர் கொடுத்த மாதிரி. தனி அம்ப்ளிஃபயர் (அம்ப்) போடாதவர்களுக்கு வாட்ஸை விட இந்த எண் முக்கியம். எங்களுக்கு அம்ப் வேண்டாம் என்று அண்ணைதான் சொன்னார், விற்கக்கூடிய ஒரு சாமானை வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரர் அபூர்வம். போலிப் பெட்டிகளும் சந்தையில் நிறைய, காந்தத்தின் பாரத்தையும் அச்சு எழுத்தையும் பார்த்துத்தான் எடுத்தோம். பூட்ட முதல் ஷட்டரை முழுக்க இறக்கி, கண்ணாடி காந்தத்தில் தட்டுமா என்று அளந்தார், கொஞ்சம் போதவில்லை, அதனால் தடித்த பிளாஸ்ரிக் வளையம் போட்டு ஸ்பீக்கரை வெளியே எடுத்தார். எம்டிஎஃப் இல்லை!

செற்றைப் பற்றிச் சுருக்கமாக. டொயோட்டாவின் டாஷ்போர்ட் ஓட்டை 200 மில்லிமீற்றர் அகலம், வெளிச்சந்தைச் செற்றுகள் 180 அளவில் வரும், இரண்டு பக்கமும் இடைவெளி விழும், அதற்குப் பட்டி கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். பெரிய திரை ஆண்ட்ரொய்ட் செற் வேண்டுமென்று தங்கச்சி நின்றாள். அதே விலைக்கு வருகிறவற்றில் திரைக்குத்தான் காசு போயிருக்கும், சத்தம் மெலிவு, வெயிலில் ஒன்றும் தெரியாது. ஆகவே சின்னப் பயோனியர் செற், பென்னும் புளூடூத்தும் போதும். எக்ஸ்பாண்டரையும் கழற்றியாயிற்று, எஃப்எம் இப்போது துப்புரவாக இழுக்கிறது. டொயோட்டாவின் பழைய பிளக்குக்கு, 10 கால், 6 கால் என்று இரண்டு வரும், அடப்ரர் வயர் விற்கிறார்கள். 1,500 ரூபாவுக்குப் பார்த்து கம்பனி பிளக்கை வெட்ட விடாதீர்கள், வெட்டினால் அடுத்த தடவை எந்த வயர் எது என்று எவருக்கும் தெரியாது. செற்றில் அண்ணை செய்த ஒரே மாற்றம், கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள மிகத் தாழ்ந்த சத்தம் போகாமல் வடிகட்டியைப் போட்டதுதான். அந்தச் சின்னக் கூம்பால் கொடுக்க முடியாத ஆழத்தை அதனிடம் கேட்காமல் விட்டால், முடிந்ததைச் சுத்தமாகக் கொடுக்கிறது.

மொத்தம் 58,300 ரூபா: ஸ்பீக்கர் 16,500, செற் 27,000, எட்டு அட்டை 6,800, அடப்ரர் 1,500, கூலி 6,500. காசு குறைவென்றால் செற்றைப் பிறகு பார்க்கலாம், கதவையும் ஸ்பீக்கரையும் முதலில் செய்யுங்கள். கதவு செய்யாமல் விலை கூடிய ஸ்பீக்கர் போடுவதை விட, கதவு செய்து இந்த ஜி வரிசை போடுவது எவ்வளவோ மேல், இதை நான் இரண்டு விதமாகவும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

குறையும் உண்டு. காலை ஒன்பதரைக்குக் கொடுத்தோம், மத்தியானம் முடியும் என்றார்கள், எடுக்கும்போது பின்னேரம் ஐந்தரை. இருக்க நிழலில்லை, அப்பா முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடையில் ஐந்து தரம் தேத்தண்ணி குடித்தார். டோர் போட் கிளிப் இரண்டு உடைந்தது, பழைய பெட்டிக்குள் தேடி வேறு போட்டார்கள். ஒரு கிழமையில் டிரைவர் பக்கக் கதவில் கிடுகிடுவென்று ஒரு அதிர்வு வந்தது. திரும்பக் கொண்டுபோனோம், ஷட்டர் ஓடுகிற தண்டவாளத்துக்குள் இருக்கிற வெல்வெற் பட்டி தேய்ந்திருந்தது. புதுப் பட்டிக்கு மட்டும் காசு எடுத்தார், கழற்றிப் பூட்டியதற்கு எடுக்கவில்லை.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போனபோதுதான் முழுதாகக் கேட்டோம். புதுக்குடியிருப்பு வரை கூத்து ஓடியது, 60இல் போகிறோம், பின் ஷட்டர் இரண்டும் இறக்கித்தான் இருந்தது, டீசல் இன்ஜின் இரைகிறது, அதற்கு மேலால் மத்தளம் வயிற்றுப் பக்கத்தில் கேட்கிறது. சல்லாரி இப்போது குத்தவில்லை, ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் அந்த வெண்கலம் கொஞ்ச நேரம் இழுபட்டு ஓய்வது தெரிகிறது. முள்ளிவாய்க்கால் வரும்போது அப்பா செற்றை நிறுத்தினார், அந்த வழியால் போகும்போது எப்போதும் நிறுத்துவார். வட்டுவாகல் பாலத்தின் குண்டு குழியில் கார் குலுங்கியபோது எந்தக் கதவும் சத்தம் போடவில்லை. முல்லைத்தீவு ரவுண் தாண்டித்தான் திரும்பப் போட்டார். கூத்தின் நடுவில் ஒரு இடத்தில் பாட்டு நின்று மத்தளம் தனியாகக் கொஞ்ச நேரம் போகும், இந்தக் காரில் அந்த இடம் இதுவரை வெறும் இரைச்சலாகவே இருந்தது. அதற்குள் யாரோ, மைக்குக்குக் கிட்ட நின்றவராக இருக்கும், "அடி, அடி" என்று மெல்லச் சொல்கிறார். அப்பா காரை ஓரமாக விட்டு, அந்த இடத்தைத் திரும்ப ஒருக்கால் போட்டுக் கேட்டார். ஆரின் குரல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பின் ஸ்பீக்கர் போடவில்லை, போடும் எண்ணமும் இல்லை. போகிறவர்கள் கிழமை நாளில் வெள்ளெனப் போங்கள், சனிக்கிழமை வான்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். நீங்கள் வழமையாகக் கேட்கிற பாட்டைப் பென்னில் கொண்டுபோங்கள், கடையில் போட்டுக் காட்டுகிற பாட்டை நம்பி எடுக்க வேண்டாம். அடுத்த மாதம் மாமாவின் டொல்பின் வான் போகிறது, அதன் கதவுக்குள் என்ன குடியிருக்கிறதோ தெரியாது, ஓட்டையைக் குத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.